பன்னிரண்டாவது பிளக்

"இந்த ஆளு பொய் சொல்றாரு மேடம்" என்றான் கணேசமூர்த்தி, கடையின் மாடிப்படியில் பாதி ஏறியபோதே.

"இன்னும் முகத்தையே பார்க்கலை. அதுக்குள்ளயா?"

"போன்ல மூணு தடவை 'சத்தியமா'ன்னாரு. ஒரு தடவை சொன்னா நம்பலாம். மூணு தடவை சொன்னா வக்கீலைத்தான் பார்க்கணும்."

டோரீன் சிரிக்கவில்லை. அவளுக்கும் அதே சந்தேகம்தான். வாகன இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காக இருபது வருஷம் பொய் விபத்துகளைத் துருவிக் கண்டுபிடித்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டின் முன்னறையில் துப்பறியும் ஆபீஸ் போட்டு நாலு வருஷம் ஆகிறது. கணேசமூர்த்தி எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது அவளுக்கு டிரைவர், உதவியாளர், கேட்காமலே கருத்துச் சொல்பவன், எல்லாம் அவன்தான்.

பொம்மனஹள்ளியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சேஷகிரியின் கடை. உள்ளே கூரையிலிருந்து மாடல் விமானங்கள் தொங்கின. பொம்மைகள் அல்ல. ஒவ்வொன்றும் ஆள் நீளம். மூக்கில் நிஜமான பெட்ரோல் எஞ்சின்.

"ஸ்வல்ப, கொஞ்சம் உள்ள வாங்க மேடம்" என்றார் சேஷகிரி, கன்னடம் கலந்த தமிழில். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேஜை மேல் தேடிக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை காலையில ஆனேக்கல் பக்கம் கிளப் மைதானத்துல விபத்து. மைக்கேல்ராஜ் சாரோட பிளேன், ஒன்பது கிலோ எடை, நடுவானத்துல எஞ்சின் நின்னு விழுந்துடுச்சு. வேடிக்கை பார்க்க வந்த பொண்ணு மேல. சௌம்யான்னு பேரு. கால் எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில இருக்கா."

"அதுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் வித்த ஸ்பார்க் பிளக்தான் காரணமாம். போலி பிளக்காம். கிளப் செகரட்டரி தருண் சாயங்காலம் நாலு மணிக்கு போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறார். பதினெட்டு வருஷமா கடை வச்சிருக்கேன் மேடம். சத்தியமா நான்..."

"நாலாவது சத்தியம்" என்று முணுமுணுத்தான் கணேசமூர்த்தி.

டோரீன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு பிளக் நல்லதா கெட்டதான்னு எப்படி முடிவு பண்றீங்க? எனக்குச் செஞ்சு காட்டுங்க."

சேஷகிரியின் கை தானாகவே நெற்றிக்குப் போய்க் கண்ணாடியை இறக்கியது. டிராயரிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளக்கை எடுத்தார். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அதன் இரண்டு நுனிகளில் வைத்தார். "பார்த்தீங்களா, ஐயாயிரம் ஓம். உள்ளே ரெசிஸ்டர் இருக்கு. அது இல்லாத பிளக் ஒவ்வொரு தடவை பொறி விடும்போதும் ரேடியோ சிக்னலைக் கலக்கிடும். கீழே நிக்கறவர் சொல்றது மேலே பிளேனுக்குப் புரியாம போயிடும். போலி பிளக்கில் மீட்டர் பூஜ்யம் காட்டும்."

அடுத்து ஒரு இரும்பு நட்டை எடுத்து பிளக்கின் மேல் விரல் நுனியால் சுழற்றினார். நட்டு எண்ணெய் போட்டதுபோல் கடைசிவரை இறங்கியது. "மரை இப்படி இறங்கணும். நடுவுல பிடிச்சா அது ஆகாது. வலுக்கட்டாயமா முறுக்கினா சிலிண்டர் மரை போயிடும். கடைசியா இந்த இடைவெளி. அரை மில்லிமீட்டர். தகடு வச்சுப் பார்க்காம நான் எதையும் விக்கறதில்லை."

"பொண்ணு பார்க்கப் போறவங்ககூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க சார்" என்றான் கணேசமூர்த்தி.

டோரீன் பிளக்கைப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே சேஷகிரியின் குதிகால் கவுன்டருக்கு அடியில் எதையோ உள்ளே தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெட்டியை மேலே வைங்க."

சேஷகிரி மாடிப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே வரிசையாக ஸ்பார்க் பிளக்குகள்.

"எல்லாம் போலி" என்றார் மெல்ல. "போன வருஷம் ஒருத்தன் தலையில கட்டிட்டுப் போனது. ஒண்ணுகூட நான் விக்கலை. கஸ்டமருக்குக் காட்டத்தான் வச்சிருக்கேன், இந்த மாதிரி வாங்காதீங்கன்னு. கவுன்டர் மேலேயேதான் இருக்கும். புகார் வந்ததும் பயந்துபோய் கீழே ஒளிச்சுட்டேன்."

பன்னிரண்டு குழிகள். பதினொரு பிளக்குகள்.

சேஷகிரி காலிக் குழியை விரலால் தொட்டார். முகம் வெளுத்தது. "சனிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டும் இருந்துச்சு மேடம். காட்டிட்டு நானே அடுக்கினேன்."

"மைக்கேல்ராஜ் உங்ககிட்ட பிளக் வாங்கினது எப்போ?"

"மூணு மாசம் ஆச்சு."

"சனிக்கிழமைக்கு அப்புறம் கடைக்கு யார் யார் வந்தாங்க?"

"ஞாயிறு லீவு. திங்கட்கிழமை பத்துப் பேராவது வந்திருப்பாங்க. யாரை ஞாபகம் வச்சுக்கறது?"

கீழே காரில் ஏறியதும் கணேசமூர்த்தி கதவை அறைந்து சாத்தினான். "ஆதாரம் அவர் காலுக்கடியிலயே இருக்கு. 'சனிக்கிழமை பன்னிரண்டு'ன்னு சொல்றதும் அவரேதான். எனக்கென்னவோ நம்ம கட்சிக்காரரே திருடன்னு படுது."

"இருக்கலாம்" என்றாள் டோரீன். "தருணைப் பார்ப்போம்."

எலெக்ட்ரானிக் சிட்டியில் தருண் வேலை பார்க்கும் கட்டடத்தின் கீழ்த்தள காபி கடையில், மத்தியானம் ஒரு மணிக்கு அவனைப் பிடித்தார்கள். முப்பது வயது. கழுத்தில் அடையாள அட்டை. பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். உள்ளே கரி பிடித்த பிளக்.

"இதுதான் மேடம். ரெசிஸ்டரே இல்லை. பக்கா போலி. நேத்து கமிட்டி ஆளுங்க நாலு பேர் முன்னாடி நானே எஞ்சின்லேர்ந்து கழட்டினேன். கொடுமை என்னன்னா ஸ்பானர்கூடத் தேவைப்படலை. கையாலேயே கழண்டு வந்துடுச்சு."

"கையாலேயா?"

"ஆமா. அவ்வளவு மட்டமான சரக்கு."

"ஞாயித்துக்கிழமை விழுந்த பிளேனை செவ்வாய்க்கிழமைதான் திறந்தீங்க. நடுவுல அது எங்கே இருந்துச்சு?"

"ஆம்ப்ரோஸ் அங்கிள் வீட்டுல. மைக்கேல் அங்கிளோட ஃப்ரெண்ட். முப்பது வருஷம் கன்டோன்மென்ட்ல பைக் கேரேஜ் நடத்தினவர். மைக்கேல் அங்கிள் பிளேனுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக்."

டோரீன் உறையைத் திறந்து பிளக்கை வெளியே எடுத்தாள். கட்டை விரலால் ஒரு தேய் தேய்த்தாள். கரி விரலில் ஒட்டிக்கொண்டது. கீழே பளபளவென்று வெள்ளைப் பீங்கான். விரலை கணேசமூர்த்தியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்ன வாசனை?"

"மெழுகுவர்த்தி" என்றான் அவன். "பர்த்டே கேக் ஊதினப்புறம் வருமே, அது."

"பெட்ரோலும் ஆயிலும் எரிஞ்ச கரி எண்ணெய்ப் பசையா இருக்கும். தேய்ச்சா இழுவும். இது மெழுகுவர்த்தி மேல காட்டின கரி." அவள் பிளக்கின் கழுத்திலிருந்த செம்பு வளையத்தைக் காட்டினாள். "தருண், இந்த வாஷரைப் பாருங்க. உப்பலா இருக்கு. ஒரே ஒரு தடவை முறுக்கி இறுக்கினாலே இது நசுங்கித் தட்டையாயிடும். இந்த பிளக்கை யாரும் எந்த எஞ்சின்லேயும் இறுக்கவே இல்லை. இப்படித் தொளதொளன்னு இருந்திருந்தா எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகியிருக்காது."

தருண் பிளக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "ஆனா அன்னைக்கு பன்னிரண்டு நிமிஷம் பறந்துச்சே!"

"வேற பிளக்கில் பறந்துச்சு. விழுந்த பிறகு மாத்தியிருக்காங்க."

"நான் இதைப் பார்த்திருக்கணும்" என்றான் தருண் சங்கடத்துடன். "நான் பேட்டரி பிளேன் ஆளு மேடம். பெட்ரோல் எஞ்சின் எனக்கு அவ்வளவா தெரியாது. சௌம்யா எங்க டீம். நான்தான் வா வான்னு கூப்பிட்டுப் போனேன். யாரையாவது பிடிச்சாகணும்னு ஒரு வெறி."

அவனுடைய போனில் வீடியோ இருந்தது. சௌம்யாவே எடுத்தது. டோரீன் ஒலியை முழுசாக வைத்தாள். நீல வானத்தில் சிவப்பு விமானம் ஒன்று கரகரத்துக்கொண்டே வட்டம் போட்டது. திடீரென்று வலது பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே கூட்டத்தை நோக்கி இறங்க ஆரம்பித்தது. "இழு மைக்கேல்! இழு!" என்று ஒரு கிழவரின் குரல் கத்தியது. அதற்குப் பிறகு எஞ்சின் சத்தம் நின்றது. பிறகு அலறல். படம் புல்லில் விழுந்தது.

"இன்னொரு தடவை போடுங்க சார்" என்றான் கணேசமூர்த்தி. இந்த முறை குரலில் விளையாட்டு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "மேடம், பிளக் போன வண்டி இருமும். பட், பட்பட்டுன்னு மூணு தடவை உதைச்சுட்டுத்தான் சாகும். பெட்ரோல் தீர்ந்தா ஒரு நொடி சத்தம் ஏறிட்டு அடங்கும். இது ரெண்டும் இல்லை. சிக்னல்ல ஆட்டோக்காரன் சாவியைத் திருப்பின மாதிரி டக்குனு நின்னுடுச்சு."

"எஞ்சினைக் கீழேயிருந்து நிறுத்த முடியுமா?" என்று கேட்டாள் டோரீன்.

"ரிமோட்ல ஒரு ஸ்விட்ச் இருக்கும். தட்டினா பொறி கட்டாயிடும்" என்ற தருண், சொல்லி முடிக்கும்போதே உறைந்தான். "ஆனா அது மைக்கேல் அங்கிள் கையிலதானே இருந்துச்சு?"

டோரீன் சேஷகிரிக்குப் போன் போட்டாள். "ஒரே ஒரு கேள்வி. திங்கட்கிழமை ஆம்ப்ரோஸ் கடைக்கு வந்தாரா?"

"வந்தாரே. ப்ரொப்பெல்லர் பார்த்தாரு. ஒண்ணும் வாங்கலை."

"தருண், அந்தக் கம்ப்ளைன்டை என் போன் வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் மைக்கேல்ராஜின் வீட்டுக்குப் போய்ச் சேர மூன்றரை ஆகிவிட்டது. வழியில் கணேசமூர்த்தி இரண்டே இரண்டு தடவைதான் பேசினான். ஒன்று சில்க் போர்டு சிக்னலைத் திட்ட. இன்னொன்று, "ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணியிருப்பாங்களோ மேடம்?" என்று கேட்க.

"அதைத்தான் பார்க்கணும்."

மைக்கேல்ராஜை டோரீனுக்கு சர்ச்சில் பார்த்த பழக்கம் உண்டு. அறுபத்தேழு வயது. விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாக இருந்தார். மகள் குளோரியா துபாயில். கதவைத் திறந்தவர் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாட்டியிருந்தார். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. உள்ளே சோபாவில் ஆம்ப்ரோஸ். தடித்த விரல்கள், நகக்கண்ணில் கிரீஸ்.

"வாம்மா டோரீன். என்ன விஷயம்?" என்றார் மைக்கேல்ராஜ்.

"பிளக் விஷயம் அங்கிள்."

ஆம்ப்ரோஸ் சட்டென்று எழுந்தார். "அதான் தெளிவாயிடுச்சே. அந்தக் கடைக்காரன் போலியைக் கொடுத்திருக்கான்."

"கடைக்காரர் கொடுக்கலை. நீங்க எடுத்தீங்க. திங்கட்கிழமை, கவுன்டர் மேலேயிருந்து. மெழுகுவர்த்தியில கரி பிடிக்க வச்சு பிளேன்ல மாட்டினீங்க." டோரீன் குரலை உயர்த்தவே இல்லை. "எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணு. முப்பது வருஷம் கேரேஜ் வச்சவர் பிளக்கை ஏன் இறுக்காம விட்டீங்க? இறுக்கியிருந்தா நான் கண்டுபிடிக்கவே கொஞ்சம் திணறியிருப்பேன்."

ஆம்ப்ரோஸ் மைக்கேல்ராஜைப் பார்த்தார். மைக்கேல்ராஜ் அவரைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் இருந்தது ஒரே திகைப்பு. கூட்டுக் களவாணிகளின் முகம் அதுவல்ல.

"ஆம்ப்ரோஸ், நீயா மாத்தினே?" என்றார் மைக்கேல்ராஜ்.

ஆம்ப்ரோஸ் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். "மரை சரியா ஏறலைம்மா. முறுக்கினா சிலிண்டர் மரை போயிடும். அந்த எஞ்சினை ஒன்பது வருஷமா நான் கழுவித் துடைச்சு வச்சிருக்கேன். அதைக் கெடுக்க எனக்குக் கை வரலை."

டோரீன் கையை நீட்டினாள்.

"ஒரிஜினல் பிளக் எங்கே?"

ஆம்ப்ரோஸ் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே பிளக். நுனி பிஸ்கட் நிறத்தில் ஒரே சீராக எரிந்திருந்தது. வாஷர் தட்டையாக நசுங்கியிருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாத பிளக்.

"ஏன் அங்கிள்? ஒண்ணும் செய்யாத மனுஷனை ஏன் மாட்டி விட்டீங்க?"

"போலீஸ் வரும்னு நினைக்கலை. கம்பெனி மேல, பிளக் மேல பழி போகும், அதோட விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்." ஆம்ப்ரோஸ் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இவன் பதறிப்போய் ஸ்விட்சைத் தட்டிட்டான்னு நினைச்சேன். அது வெளியே தெரிஞ்சா கிளப்ல இவனை நுழையவே விட மாட்டாங்க. இவனுக்கு வேற என்ன இருக்கு சொல்லு? இருபத்திரண்டு வருஷமா நாங்க ரெண்டு பேரும் ஒரு ஞாயித்துக்கிழமைகூட விட்டதில்லை."

"அவர் பதறலை" என்றாள் டோரீன். "வீடியோவுல உங்க குரல் இருக்கு. 'இழு மைக்கேல்'னு கத்தறீங்க. அப்ப எஞ்சின் நல்லாத்தான் ஓடிட்டிருக்கு. எஞ்சின் நிக்கறதுக்கு முன்னாடியே பிளேன் சாய்ஞ்சுடுச்சு. முதல்ல கெட்டது எஞ்சின் இல்லை." அவள் மைக்கேல்ராஜின் பக்கம் திரும்பினாள். "வலது கையை வெளியே எடுங்க அங்கிள்."

அவர் எடுக்கவில்லை.

"எப்ப ஆச்சு?"

மைக்கேல்ராஜ் நாற்காலியின் முதுகை இடது கையால் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "பறந்துட்டிருக்கும்போதே. கை இருக்கிற மாதிரியே தெரியலை. ரிமோட் குச்சி மேல கல்லு மாதிரி விழுந்து கிடக்கு. பிளேன் வலது பக்கம் போகுது, அந்தப் பொண்ணு நிக்கிறா. இடது கையால எட்டின ஒரே விஷயம் அந்த ஸ்விட்ச்தான். பத்து நிமிஷத்துல கை சரியாயிடுச்சு. அப்பப்ப மரத்துப் போகும், திரும்ப வந்துடும். டாக்டர்கிட்ட போனா இனிமே பறக்கக்கூடாதும்பார். குளோரியா துபாய்க்குக் கூட்டிட்டுப் போயிடுவா. செவ்வாய்க்கிழமை பிளக் போலின்னு தருண் சொன்னான். நான் வாயைத் திறக்கலை. ஆம்ப்ரோஸ் வேலைன்னு எனக்குத் தெரியாதும்மா. கடவுளா பார்த்துக் கொடுத்த சாக்குன்னு நினைச்சுட்டேன்."

"மைக்கேல், என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"நீ சொன்னியா?"

மைக்கேல்ராஜ் மேஜை மேலிருந்த போனை எடுக்கத் திரும்பினார். "தருணுக்கு நானே சொல்லிடறேன். சேஷகிரி பாவம், நல்ல மனு..." வார்த்தை பாதியில் குழைந்தது. வாயின் வலது ஓரம் இறங்கியது. பாக்கெட்டிலிருந்து வெளியே வந்த கை போனைத் தொட்டது, பிடிக்கவில்லை. போன் தரையில் விழுந்தது. அவர் அதையே விழித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூர்த்தி! வண்டியை எடு!"

கணேசமூர்த்தி அதற்குள் வாசலில் இருந்தான். ஆம்ப்ரோஸ் நண்பரைத் தோளோடு அணைத்துத் தூக்கிவந்து பின்சீட்டில் ஏற்றினார். டோரீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பத்திரண்டு. அந்த நேரத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான் என்று அவளுக்குத் தெரியும். ஒருவழிப் பாதை ஒன்றில் கணேசமூர்த்தி எதிர்த்திசையில் புகுந்தான். குறுக்கே வந்த டிராஃபிக் போலீஸ்காரரிடம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பேஷன்ட் சார், பேஷன்ட்! தாரி பிடி!" என்று கன்னடத்தில் வழி கேட்டுக் கத்தினான். அவரே ஓடிப்போய் எதிர்வண்டிகளை ஒதுக்கி வழிவிட்டார்.

பதினான்காவது நிமிஷம் அவசரப் பிரிவின் கதவு திறந்தது.

ஆறு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. கரைக்கும் ஊசியை நேரத்துக்குள் போட முடிந்தது. கை மெல்ல அசைகிறது, பேச்சும் திரும்பும். "ஞாயித்துக்கிழமையே வந்திருக்கணும்" என்றார். "இன்னைக்கும் வராம இருந்திருந்தா, நாம இப்ப வேற மாதிரி பேசிட்டிருப்போம்."

ஆம்ப்ரோஸ் வராந்தாவின் கோடிக்குப் போய்ச் சேஷகிரிக்குப் போன் செய்தார். என்ன பேசினார் என்று யாருக்கும் கேட்கவில்லை. நின்றபடி ரொம்ப நேரம் பேசினார். நடுவில் ஒரு தடவை யாருமில்லாத சுவரைப் பார்த்துக் கைகூப்பினார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "அந்த மனுஷன் என்னைத் திட்டவே இல்லைம்மா" என்றார். "மைக்கேல் எப்படியிருக்கான்னுதான் முதல்ல கேட்டான்."

தருண் போலீசுக்குப் போகவில்லை. சௌம்யா இருந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். டோரீன் போனில் சொன்னது முழுவதையும் அவளிடம் சொல்லியிருந்தான். ஏழு மணிக்கு அங்கிருந்தே வீடியோ கால் வந்தது. நர்ஸ் இரண்டு நிமிஷம் அனுமதித்தாள். டோரீன் போனை மைக்கேல்ராஜின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

திரையில் சௌம்யா தலையணையில் சாய்ந்திருந்தாள். ஈரோட்டிலிருந்து வந்திருந்த அவள் அம்மா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

மைக்கேல்ராஜ் உதட்டைக் கூட்டினார். ஒவ்வொரு எழுத்தையும் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

"மன்... னிச்... சிடும்மா."

சௌம்யா தலையணையிலிருந்து நிமிர்ந்தாள். "அங்கிள், பிளேன் கிளம்பறதுக்கு முன்னாடி நான் அந்த ப்ரொப்பெல்லர் பக்கத்துல நின்னு பார்த்தேன். நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்துன்னு யாரோ சொன்னாங்க. பிளேன் என் மேல வந்து விழுந்தப்ப சத்தமே இல்லை. ப்ரொப்பெல்லர் சுத்தலை, றெக்கை மட்டும்தான் காலுல இடிச்சுது. சத்தம் எப்படி நின்னுச்சுன்னு மூணு நாளா யோசிச்சுக்கிட்டே படுத்திருக்கேன்."

அவள் போனை இன்னும் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"எதுக்கு அங்கிள் மன்னிப்பு? நிறுத்தினதுக்கா?"

கணேசமூர்த்தி தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். மேஜை மேல் தண்ணீர் பாட்டில் நிறைந்தே இருந்தது.